சிவப்பு நூல் துண்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வேலை செய்வதைவிட வேலையைப் பற்றிப் பேசுவதுதான் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பல்பு போனால் ஒருவன் ஏணியை எடுத்து வந்து மாற்றிவிட்டுப் போவான். இப்போது அதற்கு ஆறு பேர் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். நாலு பேர் செல்போனைத் தடவுகிறார்கள், ஒருவர் தலையாட்டுகிறார், ஒருவர் எழுதுகிறார். எழுந்து போகும்போது எல்லார் முகத்திலும் பெரிய காரியம் முடித்த களைப்பு. அண்ணாந்து பார்த்தால் பல்பு எரியவில்லை.

நான் ஒரு லாண்டரியில் பாய்லர் பார்க்கிறேன். வீட்டுத் துணி வெளுக்கிற இடம் இல்லை. ஊரில் பெரிய ஆஸ்பத்திரியின் துணி முழுக்க எங்களிடம்தான் வருகிறது. பெட்ஷீட், தலையணை உறை, துண்டு, டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கி எல்லாம். காலையில் அழுக்காக வந்தது மதியம் இரண்டு மணிக்குள் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போக வேண்டும். முன்பக்கம் மூன்று பெரிய வாஷிங் மெஷின்கள். நடுவில் ரோலர், ஈர ஷீட்டை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காயவைத்து இஸ்திரி போட்டுத் தள்ளும். கடைசியில் நீளமாக மடிப்பு மேசை. பின்சுவருக்கு அந்தப்புறம் நானும் என் பாய்லரும். அத்தனைக்கும் ஸ்டீம் என்னிடமிருந்துதான் போகிறது. இருபத்தாறு வருஷமாக அந்தப் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முள் ஏழில் நின்றால் எனக்கு நிம்மதி. மனிதர்களைவிட அந்த முள்ளை நம்பலாம். அது யாருக்காகவும் பல்லை இளிக்காது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் பேசுவார். அந்த டீ ஆறி ஆடை கட்டி அதன்மேல் ஒரு ஈயும் உட்கார்ந்துவிடும். அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் இடி ஆரம்பிப்பார். இடி என்றால் வாஷிங் பார்க்கிறவர். குரலை வைத்து வந்த பெயர்.

"துணி லேட்டுன்னா என்னைக் கேக்காதீங்க! நான் துவைச்சுத் தள்ளிட்டே இருக்கேன். அந்தப் பக்கம் ரோலர் மாடு அசை போடுற மாதிரி ஓடுது!"

ரோலர் பார்க்கிற அம்மாவுக்கு மிளகாய் என்று பெயர். ஆள் சிறிசு, குரல் அதைவிடச் சிறிசு. ஆனால் எரியும்.

"துவைக்கிறாராம். சொட்டச் சொட்ட அனுப்பிட்டுப் பேச்சைப் பாரு. ஒவ்வொரு ஷீட்டையும் நான் ரெண்டு தடவை விடணும். பிழிய மெஷினுக்குத் தெம்பு இல்லையா, ஆளுக்குத் தெம்பு இல்லையா?"

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கடைசியில் முதலாளி கையைத் தூக்குவார். "சரி சரி, பாத்துக்கலாம்." நாலு வருஷமாக அந்த மீட்டிங்கில் எடுத்த ஒரே முடிவு இதுதான். வாரா வாரம் எடுத்தார்கள்.

நான் கதவோரம் காலி சோப்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். வாயைத் திறப்பதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை திறந்தேன். அப்போது இவருடைய அப்பா இருந்தார். "முதலாளி, காலையில பெல் அடிச்சதும் மூணு மெஷினையும் சேத்துப் போடறாங்களே" என்று ஆரம்பித்தேன். "நீ பாய்லரைப் பாரு. மெஷினைப் பாக்க ஆள் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சரி, பாய்லரையே பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் ஒரு தடவை சொன்னால் எனக்குப் புரியும்.

போன வருஷக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு மணிக்கு வர வேண்டிய துணி மூன்றரைக்கு வருகிறது, இப்படியே போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று. அந்தச் செவ்வாய்க்கிழமை முதலாளி இரண்டு மணி நேரம் பேசினார். இடி இடித்தார், மிளகாய் எரிந்தார், "சரி சரி, பாத்துக்கலாம்" என்று எல்லாரும் எழுந்தார்கள். அப்போது கிழிசல் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், இப்ப என்ன முடிவாச்சு?"

எழுந்தவர்கள் எல்லாரும் பாதியில் நின்றார்கள். கேட்டது என் மருமகள். ஒன்பது வருஷமாக அங்கே கிழிந்த ஷீட்டுகளைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறாள், எழுத ஒன்றுமில்லை.

முதலாளி அவளையே பார்த்தார். "அப்ப நீயே நடத்தும்மா" என்றார். கோபத்தில் சொன்னாரா, களைப்பில் சொன்னாரா தெரியாது. மறுநாள் கூப்பிட்டு உறுதியாகவே சொல்லிவிட்டார். "நாலு செவ்வாய்க்கிழமை உனக்கு. நாலாவது மீட்டிங் முடியறதுக்குள்ள லேட்டுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சா சூப்பர்வைசர் வேலை உனக்கு. இல்லைன்னா வெளியிலேர்ந்து ஆள் கொண்டு வரேன். நீ உன் மேசைக்குப் போயிடலாம்."

வீட்டில் நான் சொன்னேன். "ஏம்மா, ரோட்டுல போற வம்பை வீட்டுக்குக் கூட்டிட்டு வராதே."

"மாமா, நூல் கோக்கவே கண்ணு தெரியலை. ரெண்டு தடவை கண்ணாடி மாத்தியாச்சு. இன்னும் ஒரு வருஷம் அந்த மேசையில உக்காந்தா விரலையும் சேத்துத் தெச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னாள்.

முதலாளி அவளுக்காக ஒரு அம்மாவை ஒருநாள் வரவழைத்தார். மீட்டிங் நடத்தச் சொல்லிக்கொடுக்கிறவராம். இதற்கெல்லாம் ஒரு படிப்பு, அதற்கு ஒரு வாத்தியார்! பை நிறையக் கலர் பேப்பர், ஒரு மணி, ஒரு பந்து. எங்கள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தார். நடத்துகிறவர்தான் குறைவாகப் பேச வேண்டுமாம். முதலாளி இருமினார். ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் பேச வேண்டுமாம். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டுமாம், மற்றவர்கள் கேட்க வேண்டுமாம். பேசாமல் இருக்கிறவர்களைக் கேட்காமல் மீட்டிங்கை முடிக்கக் கூடாதாம். அவர் என்னைப் பார்த்தபோது நான் பாய்லர் கூப்பிடுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

முதல் செவ்வாய்க்கிழமை. எங்களிடம் பந்து ஏது? என் மருமகள் ஒரு கைத்துண்டை எடுத்து, மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று ஓரம் முழுக்கச் சிவப்பு நூல் போட்டுத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். "துண்டு யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும். மத்தவங்க மூச்சு விடலாம், அவ்வளவுதான்" என்று சொல்லி இடியின் கையில் கொடுத்தாள்.

இடி பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். முப்பது வருஷம் லாண்டரியில் இருந்தவன் கையில் துணியைக் கொடுத்தால் என்ன ஆகும்? துண்டை உதறினார். இரண்டாக்கினார், நாலாக்கினார், நீவிவிட்டார். பேச்சு முடிந்ததும், எந்த யோசனையும் இல்லாமல், பக்கத்தில் இருந்த அடுக்கின் மேல் வைத்தார். அடுக்கு உயரம் வந்துவிட்டதைப் பார்த்து, பேக்கிங் செய்கிற பெண் அதைத் தூக்கி டிராலியில் வைத்தாள். வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. லாரி ஓட்டுவது என் மகன். எதையும் மறப்பான், நேரத்தை மறக்க மாட்டான். பத்தரைக்கு முதல் நடை கிளம்பிவிட்டான்.

இப்போது மிளகாய் பேச வேண்டும். கையை நீட்டினார். துண்டைக் காணோம்.

துண்டு இல்லாமல் யாரும் பேசக் கூடாது. அதனால் துண்டு எங்கே என்று யாரும் கேட்க முடியவில்லை. மிளகாய் இரண்டு கையையும் விரித்து இடியைப் பார்த்து "எங்கே?" என்று சைகை காட்டினார். இடி மேசையைக் காட்டினார். மேசை காலி. பேக்கிங் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைக் காட்டினாள். முதலாளி முகம் சிவந்து உப்பி, பேச முடியாமல் வெடித்துவிடுவார் போல் இருந்தார். நானும் இருபத்தாறு வருஷம் மீட்டிங் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நிமிஷத்தைப் போல ஒரு நல்ல மீட்டிங் பார்த்ததில்லை.

கடைசியில் என் மருமகள்தான் சிரித்து உடைத்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மகனுக்குப் போன் போட்டார்கள். "சிவப்பு ஓரமா? அது நாலாவது மாடிக்குப் போயிருக்கும். இந்நேரம் யாராவது தலை துவட்டிட்டு இருப்பாங்க" என்றான்.

ஒரு செவ்வாய் போனது. முடிவு எதுவும் இல்லை.

இரண்டாவது செவ்வாய் கலர் பேப்பர். துணி ஏன் லேட்டாகிறது என்று ஆளுக்கு ஒரு பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எங்கள் சுவர் ஸ்டீமில் வேர்த்துக்கொண்டே இருக்கிற சுவர். ஒட்ட ஒட்ட ஒவ்வொன்றாக நழுவித் தரையில் விழுந்தது. பொறுக்கி எடுத்த பன்னிரண்டில் ஒன்பது பேப்பர் அடுத்த செக்‌ஷனைத் திட்டியிருந்தது. இரண்டில் டீ சூடாக இல்லை என்று எழுதியிருந்தது. ஒன்று வெறும் பேப்பர்.

சாயங்காலம் வீட்டில் அவள் அந்த ஈரப் பேப்பர்களைத் தரையில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி குனிந்து ஒன்றொன்றாகப் பார்த்தாள்.

"இந்த வெறும் பேப்பர் யாரு?" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

"எழுத ஒண்ணும் இல்லை."

"வீட்டுல வாய் ஓயறதில்லை. வாசல்ல போற நாய்க்குக்கூட புத்தி சொல்றீங்க. அங்க போனா ஊமை வேஷமா? இந்தப் பொண்ணு தோத்துட்டா உங்களுக்குச் சந்தோஷமா?"

"எனக்கு என்னடி தெரியும்? நான் பாய்லரைப் பாக்கிறவன். பாய்லர்னு சொன்னாலே, அதை வாசல்லயே விட்டுட்டு உள்ள வாங்கன்னு சொன்னது யாரு?"

"அது கல்யாணம் ஆன புதுசுல சொன்னது!"

மருமகள் எங்கள் சண்டையைக் காதில் வாங்கவே இல்லை. ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள். "அத்தை, நான் கேட்ட கேள்வியே தப்பு. ஏன்னு கேட்டா எல்லாரும் யாராலன்னு பதில் சொல்றாங்க. எப்போன்னு கேக்கணும்."

உண்மையைச் சொல்ல வேண்டும். துணி ஏன் லேட்டாகிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிவது எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டே சண்டை போடுகிறார்கள், சண்டைதான் வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். மனிதர்களைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் அப்படி. இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் நாற்காலிகள் இல்லை. முதலாளியின் நாற்காலிகூட இல்லை. என் சோப்பு டிரம்மை மட்டும் விட்டுவைத்திருந்தாள். மடிப்பு மேசையில் மடிக்காத ஷீட்டுகள் குவிந்து கிடந்தன.

"நம்ம கை சும்மா இருந்தா வாய்க்கு வேகம் வந்துடுது" என்றாள். "அதனால இன்னைக்கு மடிச்சுக்கிட்டே பேசலாம். பெரிய ஷீட்டு. ஒரு ஆளால முடியாது. ரெண்டு ரெண்டு பேரா வாங்க. அண்ணே, நீங்க இந்த முனையைப் பிடிங்க. அக்கா, நீங்க அந்த முனை."

அண்ணன் என்றால் இடி. அக்கா என்றால் மிளகாய். நாலு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கத்திக்கொண்டிருந்தவர்கள். ஷீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று முறைத்தார்கள்.

"ஒரே ஒரு கேள்வி. ஷீட்டு ஈரமா வர்றது எப்போ? எப்பவுமா, சில நேரம் மட்டுமா? ஷீட்டு மடிச்சு முடியறவரைக்கும்தான் டைம்."

ஷீட் மடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேரும் இழுத்துப் பிடித்து உதற வேண்டும். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் விட்டால் தரையில் விழுந்துவிடும், திரும்பத் துவைக்க வேண்டும். நீளவாக்கில் மடித்து, அப்புறம் எதிரெதிரே நடந்து வந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு பேர் விரலும் படும். மூக்குக்கு மூக்கு ஒரு ஜாண்தான் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் நின்றுகொண்டு யாராலும் இடி இடிக்க முடியாது.

"எப்பவும்னு சொல்ல முடியாது" என்றார் மிளகாய், முனையை வாங்கிக்கொண்டே. "காலையில எட்டிலேர்ந்து எட்டே முக்கால் வரைக்கும், நேத்து துவைச்சு மிஞ்சினதை விடறப்ப, ஈரம். அப்புறம் ஒரு மணி நேரம் நல்லா வருது."

"மறுபடி?" என்றார் இடி. சாதாரணக் குரலில். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது.

"பத்துக்கு மறுபடி ஈரம்."

இடி யோசித்தார். "பத்துக்கு நான் ரெண்டாவது லோடு போடற நேரம். ஆனா பிழியறது எட்டுக்கும் ஒண்ணுதான், ஒம்பதுக்கும் ஒண்ணுதானே. மெஷினுக்கு நேரம் காலம் தெரியுமா?"

"தெரியாதுதான்" என்றார் மிளகாய். "அப்ப நீங்க சரியாத்தான் பிழியறீங்களோ என்னமோ."

நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இடியைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை. பேக்கிங் பெண் கை தட்டிவிட்டாள். அன்றைக்கு அறுபது ஷீட் மடித்து முடித்தார்கள். ஆனால் ஏன் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் என்பது மட்டும் கிடைக்கவில்லை. என் மருமகள் கடைசியில் எழுதியதைப் படித்தாள். "தெரிஞ்சது, ஈரம் எப்போ வருதுங்கிறது. தெரியாதது, ஏன். அடுத்த செவ்வாய் வரைக்கும் அண்ணன் மெஷின் போடற நேரத்தை எழுதறார். அக்கா ஈரம் வர்ற நேரத்தை எழுதறாங்க." இருபது நிமிஷத்தில் மீட்டிங் முடிந்துவிட்டது. முதலாளி கையிலிருந்த டீ இன்னும் சூடாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் குடித்துவிட்டார்.

நாலாவது செவ்வாய்க்கிழமை நான் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். வால்வில் கிரீஸ் போடுகிற வேலை இருந்தது. ஆனால் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது தன் தையல் பெட்டியையும் எடுத்து வைத்ததைப் பார்த்தேன். மறுநாள் அந்த மேசைக்கே போக வேண்டிவந்தாலும் வரலாம் என்று. பத்து மணிக்குக் கிரீஸ் டப்பாவை மூடினேன். போய் டிரம்மில் உட்கார்ந்தேன்.

இரண்டு பேர் எழுதிவந்த நேரமும் பொருந்தியது. எட்டு மணிக்கு மூன்று மெஷினும் போட்டால் எட்டுக்கு ஈரம். பத்துக்குப் போட்டால் பத்துக்கு ஈரம். இடியும் மிளகாயும் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாகச் சேர்ந்து யோசித்தார்கள். தண்ணீரா? சோப்பா? ரோலர் துணி தேய்ந்துவிட்டதா? ஒன்றும் ஒத்துவரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மீட்டிங் நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. முதலாளி "சரி சரி" என்று ஆரம்பித்தார். எப்படி முடிப்பார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் என் மருமகள். "இன்னும் பேசாதவங்க ஒருத்தர் இருக்காங்க."

சொல்லிவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. வெறுமனே காத்துக்கொண்டிருந்தாள்.  மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒரு அமைதி வந்தது. அந்த மாதிரி அமைதி எனக்குப் பிடிக்காது. முதுகில் அரிக்கும். முதலாளிக்கு உதடு துடித்தது, ஆனால் பேசவில்லை. கற்றுக்கொண்டுவிட்டார்.

அவள் மேசையிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்துக்கொண்டு என் டிரம்முக்கு நேரே வந்தாள்.

"மாமா, ஒரு முனையைப் பிடிங்க."

"எனக்கு மடிக்கத் தெரியாது."

"பிடிச்சா போதும்."

பிடித்தேன். என் கை கிரீஸ் கை. வெள்ளை ஷீட்டில் நாலு விரலும் பதிந்தது. அவள் அதைப் பார்த்தாள். உதறினாள், நானும் உதறினேன். மடித்துக்கொண்டு என் எதிரே நடந்து வந்தாள். முனையை வாங்கிக்கொள்ளும்போது கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்ணைப் பார்த்தேன். தூங்காத கண்.

"மாமா, எட்டு மணிக்கு உங்க பாய்லர்ல என்ன நடக்குது?"

இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. முள் எங்கே நிற்கிறது என்று கேட்டதில்லை. என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை.

"என்ன நடக்கும்? முள்ளு விழும்" என்றேன். "ஏழுல இருக்கிறது நாலுக்கு விழும். பெல் அடிச்ச உடனே மூணு மெஷினையும் டக் டக் டக்னு போட்டா, மூணும் சேர்ந்து தண்ணி சூடு பண்ண என் ஸ்டீமை உறிஞ்சும். ரோலருக்கு என்ன மிஞ்சும்? ரோலர் ஆறிப்போகும். ஆறின ரோலர்ல ஷீட்டு எப்படிக் காயும்? இது தெரியாதா உங்களுக்கெல்லாம்?"

இடி கையிலிருந்த ஷீட் முனையை மேசையில் போட்டார்.

"தெரியாதுண்ணே" என்றார் இடி, பாவம் போல.

"சுவத்துல கோடு போட்டு வெச்சிருக்கேனே!"

"எந்தச் சுவத்துல?" என்றார் முதலாளி.

அவ்வளவு பேரும் பாய்லர் ரூமுக்கு வந்தார்கள். மூன்று பேர் நிற்கிற இடத்தில் பன்னிரண்டு பேர். முள் விழுகிறபோதெல்லாம் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். எட்டு மணிக் கோடு ஒரு வரிசை, பத்து மணிக் கோடு ஒரு வரிசை. தரையிலிருந்து கூரை வரைக்கும் போய், பக்கத்துச் சுவருக்கும் திரும்பியிருந்தது. முதலாளி அண்ணாந்து பார்த்தார்.  மிளகாய் கோடுகளைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இத்தனை நாளா நாங்க அடிச்சுக்கிட்டதுக்கெல்லாம் பதில் இந்தச் சுவத்துல இருந்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன் நான்.

முதலில் சிரித்தது இடிதான். அந்தச் சிரிப்பில் பாய்லர் தகரமே அதிர்ந்தது. அப்புறம் எல்லாரும். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அப்பா காலத்துலேர்ந்து அந்த பெல்லுக்கு மூணையும் போடறோம்யா. ஏன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

என் மருமகள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் கேட்டாள். "என்ன முடிவு? யாரு, என்ன, எப்போலேர்ந்து?"

"நான்" என்றார் இடி. "ஒரு மெஷின் போட்டு இருபது நிமிஷம் கழிச்சு அடுத்தது. இப்போலேர்ந்து."

"நான் ஈரத்தைப் பாக்கிறேன்" என்றார் மிளகாய்.

"பெரியவர் முள்ளைப் பாக்கிறார்" என்றார் முதலாளி. அதை நான் எப்போது பார்க்காமல் இருந்தேன்?

அதற்கப்புறம் அன்றைக்கு முள் ஆறரைக்குக் கீழே இறங்கவில்லை. ரோலரிலிருந்து ஷீட்டுகள் ஒரே தடவையில் மொறுமொறுவென்று வந்து விழுந்தன. மிளகாய் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சிருக்கு!" என்று கூவினார். அந்தச் சிறிய தொண்டையில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. அந்தப் பக்கத்திலிருந்து இடி பதிலுக்கு ஒரு கூச்சல் போடுவார். கடைசி டிராலி ஏறியபோது மணி ஒன்று இருபது. என் மகன் லாரியில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினான், அழுத்திக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனான். வாசலில் நின்று எல்லாரும் ஏதோ கல்யாண வண்டியை அனுப்புவது போலக் கை அசைத்தார்கள். முதலாளி அங்கேயே, எல்லார் முன்னாலும், சூப்பர்வைசர் சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்தார். ஒரு வரிதான் பேசினார். "நாளையிலேர்ந்து நீதாம்மா."

தையல் பெட்டியை அன்று சாயங்காலம் நான்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். கனமாகத்தான் இருந்தது. வாசலில் என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். "பேசினீங்களாமே" என்றாள். "ஊருக்கே போன் வந்துடுச்சு." நான் பெட்டியோடு உள்ளே போனேன்.

நாலு நாள் கழித்து அழுக்கு மூட்டையில் ஒரு துண்டு வந்தது. சிவப்பு நூல் ஓரம். ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றிவிட்டு, சாயம் கொஞ்சம் வெளுத்து, தானாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைத் துவைத்து, ரோலரில் விட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து என் மருமகள் என் கையில் வைத்தாள்.

"மாமா, இன்னைக்கு டிராலி சக்கரம் கிறீச்சுனு கத்தறதைப் பத்திப் பேசப்போறோம். நீங்க ஆரம்பிங்க."

மேசையைச் சுற்றி எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடி ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்தபடி, மிளகாய் மறுமுனையைப் பிடித்தபடி. இரண்டு பேரும் அன்று காலையில் ஒரே டீயை இரண்டு கிளாஸில் பங்கு போட்டுக் குடித்ததை நானே பார்த்தேன்.

"இதப் பாரும்மா" என்றேன். "துணி நேரத்துக்குப் போகுதுன்னா அதுக்குக் காரணம் ஸ்டீமு. முள்ளு ஏழுல நிக்குது, ரோலர் சூடா இருக்கு, அதனால காயுது. துண்டும் பேப்பரும் மீட்டிங்கும் வந்து துணியைக் காயவைக்கலை."

"சரி மாமா" என்றாள். சிரிப்பை அடக்குகிற சரி.

"சக்கரம் கத்தினா எண்ணெய் போடணும். அதுக்கு எதுக்குப் பன்னிரண்டு பேரு?"

"எந்தச் சக்கரத்துக்கு மாமா? நம்மகிட்ட முப்பத்தாறு சக்கரம் இருக்கே."

"இடதுபக்க முன் சக்கரம். ரெண்டாம் நம்பர் டிராலி. சத்தத்தைக் கேட்டாலே தெரியலையா?"

அவள் நோட்டில் எழுதினாள். "யாரு, எப்போ?" என்று நிமிர்ந்தாள். முதலாளி வேறு தலையை ஆட்டினார். நான் துண்டை உதறி, நாலாக மடித்து, மேசைமேல் வைக்கப் போனேன். வைத்தால் லாரியில் போய்விடும் என்று ஞாபகம் வந்து, தோளில் போட்டுக்கொண்டேன். எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அண்ணே, துண்டைக் குடுத்துட்டுப் போங்க, எனக்குப் பேசணும்!" என்று இடி பின்னாலிருந்து கத்தினார்.

நான் திரும்பவில்லை. எனக்கு வேலை இருக்கிறது.